ஒட்டாமல் நின்ற பெரிய எலும்பு

ஆண்டவரின் பிள்ளைகளே, எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் பெயர் ஞானமேரி. நெய்வேலி டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமையல் வேலை பார்த்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில், வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் வலது கால் சிக்கியது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருப்பதே, இரண்டும் உடைந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

பெரிய எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். சில மாதத்தில் நடக்கலாம் என்றார்கள். பத்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அதே கருப்புக் கோடு. ஊன்றினால் உயிர் போகும். என் கணவர் பழனிக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சோறாக்குவார், துணி துவைப்பார், என்னைப் பாத்ரூமுக்குத் தூக்கிப்போவார். அவர் நம் விசுவாசத்தில் இல்லாதவர்.

ஒரு கட்டத்தில் ஜெபிப்பதையே விட்டுவிட்டேன். ஆண்டவர்மேல் கோபம்கூட இல்லை. அலுத்துவிட்டது. பைபிள் மூடியே கிடந்தது. என் கணவர் அதைக் கவனித்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் ஷிப்டிலிருந்து வந்தவர், கரித்தூசி படிந்த சட்டையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஸ்திரியிடம் லீவு கேட்பவரைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு ஆண்டவரிடம் பேசினார்.

“எனக்கு ஜெபம்லாம் தெரியாதுங்க. இவ கேட்டுக்கினே இருந்து ஓஞ்சி போய்ட்டா. அதான் நான் கேக்கறேன். கொஞ்சம் பாருங்க.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வழக்கமான டாக்டர் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்த டாக்டரம்மா பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு என் காலையே தொட்டுக் காட்டி விளக்கினார். முன்பக்கத்துப் பெரிய எலும்புதான் பாரம் தாங்குகிறதாம். வெளிப்பக்கத்தில் இருப்பது மெல்லியது. முழங்காலுக்குக் கீழேயும் கணுக்காலிலும் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. நடுவில் நெடுக ஒரு சவ்வு.

“சின்ன எலும்பு முன்னாடியே ஒட்டிக்கிச்சும்மா. அது முட்டுக் கொடுத்து நிக்கிறதால பெரிய எலும்போட ரெண்டு துண்டும் நெருங்க முடியல. சின்னதுல கொஞ்சம் எடுத்துட்டா, நீங்க ஊன ஊன நெருங்கும்.”

ஒட்டினதையா வெட்டுவீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் ஆபரேஷனுக்குப் படுக்க எனக்குத் தெம்பில்லை.

“வெட்டட்டும் மேரி,” என்றார் கணவர். “நான் கூடவே இருக்கறேன்.”

சின்ன எலும்பில் ஒரு விரற்கடை அளவு எடுத்தார்கள். வாக்கர் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினேன். நாலாம் மாத எக்ஸ்ரேயில் கருப்புக் கோட்டின்மேல் வெள்ளை படர்ந்திருந்தது. எலும்பு வளர்கிறது என்றார் டாக்டரம்மா. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று ஒரு வீட்டில் மட்டும் சமைக்கிறேன். நடை மெதுவாகத்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் கால் குடைகிறது. இருந்தாலும் நடக்கிறேன். தேவனுக்கு நன்றி.

அன்று என் ஜெபத்துக்கு வார்த்தை இல்லை. ஜெபமே தெரியாதவருடைய வார்த்தையைக் கர்த்தர் கேட்டார். உங்களில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்கள் இருந்தால் வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம், எனக்காக நீ கேள் என்று சொல்லுங்கள். அவர் யாராக இருந்தாலும் சரி.