ஈரக்கையும் கண்ணாடித் திரையும்

எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கும் புது மேடம் எப்படி என்று நண்பர்கள் நீங்கள் இருவரும் சாப்பிடும்போது கேட்டீர்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் கடைகளுக்கு எலக்ட்ரானிக் தராசு செய்து விற்கிறோம். எடை போட்டால் விலையையும் காட்டி, பில்லும் அடித்துக் கொடுக்கும். தி.நகர் மளிகைக் கடையிலிருந்து பட்டினப்பாக்கம் மீன் கடை வரை எது ரிப்பேர் ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். பழைய முதலாளி ஓய்வு பெற்றதும் ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கு மேடம் வந்தார். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: இனி பட்டன் வைத்த தராசு வேண்டாம், எல்லாம் கண்ணாடித் திரை, போன் மாதிரி தொட்டால் போதும்.

அன்று டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு.

"மச்சி, எடை போட்டுக்கினே ரீல்ஸ் பாக்கலாம் இனிமே" என்றான் என்னோடு ரிப்பேருக்குப் போகிறவன்.

"பழைய சார் ஒரே மாடலைக் கட்டிக்கினு அழுதாரே, அதுக்கு இது தேவலாம்ணா" என்றது ஆபீசில் பில் போடும் பெண்.

"இந்தம்மா மீன் கடைப் பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. ஈரக்கைக்குத் திரை கேக்குமா?" என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

மேடம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மளிகைக் கடைகளில் மாவு புகுந்து பட்டன்கள் இறுகிப்போகும். என் ரிப்பேரில் பாதி அதுதான். அதை டீக்கடையில் நான் சொல்லவில்லை.

சோதனைக்கு ஒரு புதுத் தராசைப் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்காவிடம் வைத்தேன். பல வருஷமாக எங்கள் தராசு வைத்திருப்பவர். இரண்டாம் நாளே போன் வந்தது. போனேன்.

"இன்னா நைனா இது, தொட்டா எழுந்துக்கவே மாட்டேங்குது. எழுந்தா, ஒண்ணு அமுக்குனா ஒம்போது வருது."

"கை ஈரமா இருக்குக்கா, அதான்."

"மீனு விக்கிறவ கை பின்ன எப்டி இருக்கும்? பவுடர் போட்டுக்கினா குந்துவேன்?"

அப்படியே பலகைக்கு அடியிலிருந்து பழைய தராசை எடுத்து வைத்துக்கொண்டார்.

இதை ஆபீசில் சொல்ல இருந்தேன். அதற்குள் மேடமே அக்கா கடையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பார்த்துவிட்டுத்தான் பட்டன் தராசை அடியோடு நிறுத்துவதா என்று முடிவு செய்வாராம்.

பெரியவர்கள் வந்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே நானும் செய்தேன். சீக்கிரமே போய்ப் பலகையைக் கழுவிவிட்டு, புது நீல ஷீட் விரித்தேன். அக்கா நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தார். மேடம் வந்து நின்றதும், அக்காவின் நாத்தனார் மீனைத் தட்டில் போட, அக்கா திரையை மட்டும் தொட்டார். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் நான் துண்டை நீட்டினேன், அவர் கையைத் துடைத்துக்கொண்டார். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. தராசு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"சூப்பரா கீதும்மா."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கதான் தினம் கடைகளைப் பாக்கறீங்க. ஏதாவது பிரச்சனை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லா போகுது."

கார் நகர்ந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். "துண்டை வெச்சிட்டுப் போறியா நைனா, இல்ல தெனம் நீயே வந்து நிப்பியா?"

நாத்தனார் சிரித்தார், நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம், பழைய தராசுக்குள் மாட்டும் பட்டன் போர்டுக்கான ஆர்டரை ஆபீசில் ரத்து செய்துவிட்டார்கள். பழைய தராசு பழுதானால் மாற்ற இனி போர்டு வராது. அக்காவுடையதோ ஏற்கெனவே நான் இரண்டு முறை பிரித்து மாட்டியது. இரண்டு நாள் யோசித்துவிட்டு மேடம் அறைக்குப் போனேன். துண்டு, நாத்தனார், போன் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"அன்னிக்கு நான் உங்களைக் கேட்டேனே அண்ணா."

குரலை உயர்த்தவில்லை.

"ரத்து பண்ணதை மறுபடி போடணும்னா நான் கண்ணால பாக்கணும். ஞாயித்துக்கிழமை கடையில கூட்டமா இருக்கற நேரத்துல போறேன்."

"நானும் கூட வரேன் மேடம்."

"வேண்டாம். அவங்களுக்கும் சொல்லாதீங்க."

புது மேடம் எப்படி என்பதற்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. நாளை ஞாயிறு. அக்கா பழைய தராசில்தான் எடை போட்டுக்கொண்டிருப்பார், புதியது பலகைக்கு அடியில் கிடக்கும். புதுத் தராசைத் துடைத்து மேலே எடுத்து வையுங்கள் என்று அக்காவுக்கு ஒரு போன் போடலாமா என்று காலையிலிருந்து இரண்டு தடவை போனைக் கையில் எடுத்துவிட்டேன். இதுவரை போடவில்லை.