மிளகு போடாத புறாக் கறி

புறாக் கறிக்கு மிளகு போடக் கூடாது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. விழுப்புரத்தில் கேட்டரிங் படித்தபோது பாடத்தில் கோழி இருந்தது, வாத்து இருந்தது, வகுப்பில் ஒருவரும் தின்று பார்த்திராத வான்கோழிகூட இருந்தது. புறா இல்லை. அது எங்கள் வீட்டில் இருந்தது. பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில், காலனியில் எங்கள் வீடு. கூரைச் சரிவுக்குக் கீழே பழப்பெட்டிகளை ஆணியடித்து மாட்டி அப்பா புறா வளர்க்கிறார். திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர் அவர்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

புறா சூட்டுக் கறி. கருஞ்சிவப்பாக, ரத்த வாடை தூக்கலாக இருக்கும். அந்த வாடையை அடக்க எல்லோரும் மிளகை அள்ளிப் போடுவார்கள். வாடை போகும், கறியின் ருசியும் கூடவே போகும். சூட்டோடு சூடு சேர்ந்து மறுநாள் நீர்க்கடுப்பு வரும். நான் இறக்கை முளைத்தும் பறக்கத் தொடங்காத குஞ்சாகப் பார்த்து எடுப்பேன். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயில் சின்ன வெங்காயத்தை நிறையப் போட்டு நிதானமாக வதக்குவேன். கொத்தமல்லி விதை, சோம்பு, இரண்டே இரண்டு காய்ந்த மிளகாய். இறக்கும் நேரத்தில் வறுத்த மல்லாட்டையைக் கொரகொரப்பாக இடித்துத் தூவுவேன். தொட்டுக்கொண்டு சாப்பிடக் கேப்பைக் களி.

கூடக் குடிக்க என்ன என்பதுதான் என்னை வெகுநாள் அலையவிட்டது. நன்னாரி சர்பத்தின் இனிப்பு கறியை மூடிவிட்டது. எலுமிச்சை சோடா நாக்கை மரக்கவைத்தது. கடைசியில் கேப்பைக் கூழைக் கரைத்து, வடிகட்டி, புளித்த மோரோடு நீர்க்கக் கலந்து, வெங்காயத்தை நறுக்கிப் போட்டேன். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு மோர். அந்தப் புளிப்பு ரத்த வாடையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று அடுப்படியிலேயே குதித்தேன்.

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஓட்டல் ஒன்றில் நான் சமையல் வேலை செய்கிறேன். முதலாளி திருவாமாத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். விழுப்புரத்தில் இரண்டாவது ஓட்டல் திறக்கப் போவதாகவும், அங்கே புறாதான் விசேஷம் என்றும் ஒருநாள் சமையல்கட்டில் சொன்னார். நான் முன்னால் போய் நின்று எங்கள் வீட்டுப் புறாவைப் பற்றிச் சொன்னேன்.

"அப்டியா? ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்கே வர்றேன்மா. வீட்ல செய்யற மாதிரியே செஞ்சு வை. நல்லா இருந்துச்சுன்னா விழுப்புரம் சமையல்கட்டு உன்னுது" என்றார். மாஸ்டர் உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

ஒரு சமையல்கட்டுக்கே பொறுப்பாக நான். அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

ஞாயிறு காலை அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மோர எதுலடி குடுக்கப் போற?"

"டம்ளர்லதான். புதுசு வாங்கியாந்துக்கீறேன்."

"பேப்பர் கப்பு வாங்கியாந்துருக்கலாம்ல."

"எதுக்கு? ஓட்டல்ல தெனம் என் கையாலதாம்மா டீ வாங்கிக் குடிக்கறாரு."

"அது அவுரு ஓட்டலு" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவள், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி காரில் வந்தார். அப்பா மண்டிக்குப் போயிருந்தார், சீசன் நேரம். புறாப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்து முதலாளி சிரித்தார். "அடேங்கப்பா, அப்பார்ட்மென்டே கட்டி வெச்சிருக்காரே உங்க அப்பா!" நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மோரை நீட்டினேன். வாங்கினார். வாங்கிப் பக்கத்து முக்காலியில் வைத்தார். பிறகு டிரைவர் அண்ணனைப் பார்த்தார். அவர் காருக்குள்ளிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திருகிக் கொடுத்தார். முதலாளி அதைக் குடித்தார்.

இலை போடப் போனேன். "வயிறு சரியில்லம்மா. வாசன பிரமாதமா இருக்கு. பார்சலா கட்டிக் குடுத்துடு, வீட்ல போய் நிதானமா சாப்டுறேன்."

களி, கறி, மோர் மூன்றையும் கட்டிக் கொடுத்தேன். கார் போனதும் அம்மா அந்த டம்ளர் மோரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினாள். வயிறு சரியில்லாதவர், பாவம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டலின் பின்பக்கக் குழாயடியில் டிரைவர் அண்ணன் வந்தார்.

"தங்கச்சி, உன் கைக்குத் தங்க வளையலே போடலாம். உங்க அண்ணி சட்டிய வழிச்சு நக்கிட்டா."

"எந்தச் சட்டிண்ணே?"

"அதான், நேத்து உங்க வூட்டுப் புறா. திருப்பம் தாண்டலை, 'நீயே எடுத்துக்கினு போ'ன்னுட்டாரு சாரு." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, நான் சொன்னேன்னு கேட்டுடாதம்மா. புள்ளகுட்டிக்காரன்."

கேட்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மாலையில் முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டார். "புறா சூப்பர். வீட்ல எல்லாரும் சாப்ட்டோம். அந்த மிளகுக் காரம் இருக்கு பாரு, அதான் அதுக்கு அழகே. கொஞ்சம் தூக்கல்தான். கொறைச்சுக்கலாம்."

ஒரு வாய் தின்றிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. புறா என்றால் மிளகு இருக்கும் என்று அவரே வைத்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தார். அவர் பேரை இழுக்காமல் சொல்ல எனக்கு இருந்தது ஒரே வழிதான்.

"எவ்ளோ கொறைக்கணும் சார்?"

"பாதியாக்கிடு."

"அன்னிக்கு நான் மிளகே போடல சார்."

மாஸ்டர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி உடனே சிரித்தார். "காரம்னா காரம்தான், விடும்மா" என்றார். அதன்பின் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

விழுப்புரம் சமையல்கட்டு மாஸ்டருக்குப் போனது. "பொம்பளப் புள்ள, தெனம் அவ்ளோ தூரம் போய் வர்றது கஷ்டம்" என்றாராம் முதலாளி. படிக்கிற காலம் முழுவதும் தினமும் பாசஞ்சர் ரயிலில் நின்றபடியே விழுப்புரம் போய் வந்தவள் நான். எனக்கா தூரம் தெரியாது?

புது ஓட்டல் திறந்தபின் ஒருநாள் அங்கே சரக்கு இறக்க அனுப்பினார்கள். 'பெப்பர் புறா, கிராமத்துப் பக்குவம்' என்று பலகையில் எழுதியிருந்தது. கூடவே பச்சை நிறத்தில் புதினா சோடா. மாஸ்டர் ஒரு துண்டு கொடுத்தார், தின்று பார்த்தேன். முற்றிய பறவை. மிளகு தொண்டையை அறுத்தது, சோடாவின் சர்க்கரை அதன்மேல் பிசுபிசுவென்று ஒட்டியது. மேசைகள் நிரம்பித்தான் இருந்தன.

போன ஞாயிறு வீட்டில் புறா சமைத்தேன். அப்பா இன்னும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றதாம், முதலாளி எங்கள் புறாவை ஒரு பிடி பிடித்தாராம். அன்றும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் அதையே சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா களியை உருட்டி வைத்தாள்.

"பெரிய மனுசன் நம்ம வூட்டுல கை நனைச்சாரு பாரு, அது எம் பொண்ணு படிப்புக்கு" என்றார் அப்பா. "இன்னா சொன்னாரும்மா கறியப் பத்தி? நீ சொல்லவே இல்லியே."

எத்தனையோ நாள் பேசாமல் இருந்தவள்தான். அன்று அந்தப் பெருமையை என்னால் கேட்க முடியவில்லை.

"மிளகு தூக்கல்னு சொன்னாருப்பா."

அப்பா சிரித்தார். "மிளகா? நீதான் மிளகே போட மாட்டியே."

சொல்லிவிட்டு ஒரு வாய் எடுத்தார். மென்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. அம்மா தலையைத் தூக்கவில்லை. அவர் முன்னால் இருந்தது முதலாளிக்காக வாங்கிய அதே புது டம்ளர். அதை எடுத்து ஒரு சொட்டு விடாமல் மோரைக் குடித்து முடித்து, தரையில் கவிழ்த்து வைத்தார்.