லியோன் ஊரில் எனக்கு ஒரு பெஞ்சு

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று செத்துப்போன தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் எதுவும் சோடைபோகவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல மூத்த மகனின் மகள் எழுதுகிறாள். எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் நான் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும்.

இந்தப் பேத்தி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன வருஷம் லீவெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, வெளிநாடு போகலாம் என்று ஆரம்பித்தாள். அவள், அவள் அம்மா, நான். மகனுக்குக் குளிர் ஆகாது, அவன் வரவில்லை என்றுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஊர் ஊராகத் தள்ளிக் காட்டினாள். எல்லா ஊரிலும் கோபுரம், எல்லா ஊரிலும் பாலம். திடீரென்று அந்த நாலு இங்கிலீஷ் எழுத்து வந்தது.

"நிறுத்துடி" என்றேன். "இது எந்த ஊரு?"

"லியோன், ஆயா. பிரான்ஸ்ல இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் மேஜையில் உட்கார்ந்தேன். அங்கே ஷூவின் மேல்பாகம் மட்டும்தான் செய்வோம். தோலின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, விரலால் மடித்து, சுத்தியால் தட்டுவது என் வேலை. மடித்ததைத் தையல் மெஷினுக்குத் தள்ளிவிடுவேன். அடிப்பாகத்தைக் கடல் தாண்டி ஒட்டிக்கொள்வார்கள். அனுப்புகிற அட்டைப்பெட்டி என் மேஜைக்குப் பின்னால்தான் அடுக்கியிருக்கும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் அந்த நாலு எழுத்து. கோலம் மாதிரி மனதில் நின்றுவிட்டது.

முப்பத்துநாலு வருஷத்தில் நான் மடித்த ஷூ முழுசாக ஒருவர் காலில் நடந்து போனதை நான் பார்த்ததில்லை.

ஊர் முடிவானது. பேத்தி பெரிய தாளில் ஏழு நாளைக்குக் கட்டம் போட்டாள். இரண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊராம். மலைமேல் மாதாகோயில். வீட்டுக்குள் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற சந்து. இரண்டு ஆறு, இரண்டிலும் வருஷம் முழுக்கத் தண்ணீர். வறண்ட பாலாற்றங்கரையில் குடியிருக்கிற என்னிடம் இதைச் சொன்னால் நம்புவேனா?

"உனக்கு இன்னா ஆயா பாக்கணும்?"

"ஜனங்க ஜாஸ்தி நடக்கற எடத்துல ஒரு பெஞ்சு. அவ்ளோதான். ஒக்காந்து காலப் பாக்கணும்."

மருமகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வெளிநாட்டுக்குப் போய் அவன் அவன் காலப் பாத்துக்கினு இருந்தீங்கன்னா போலீஸ் வந்துடும் அத்த" என்றாள்.

"வரட்டும். அவன் பூட்ஸையும் பாக்கறேன்."

விசாவுக்குச் சென்னை போனோம். பாரத்தில் கட்டத்தைத் தாண்டிப் பெரிசாகக் கையெழுத்துப் போட்டேன். நான் எங்கும் கைநாட்டு வைத்தவள் இல்லை. கம்பெனியில் சேர்ந்த அன்று மை டப்பாவை நகர்த்தினார்கள். ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். மூத்த மகனின் பள்ளிக்கூடச் சிலேட்டில் என் பெயரை எழுதி எழுதிப் பழகி, பிறகு போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் விசா ஆபீசில் கையெழுத்து போதவில்லை. பத்து விரலையும் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார்கள். என் விரலில் ரேகை கிடையாது. சொல்யூஷனும் தோலும் எப்போதோ வழித்து எடுத்துவிட்டன. ரேஷன் கடையில் மெஷின் வந்த நாளிலிருந்து எனக்குப் பேஜார்தான். ரேகை விழாதபோதெல்லாம் கடைக்காரர், "ஆயா, தலைல தேய்ச்சிட்டு வை" என்பார். எண்ணெய்த் தலையில் தேய்த்து வைத்தால் மூன்றாவது தடவையாவது விழும். எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் அரிசி வாங்குகிறோம். அதனால் அன்று காலை தலைக்கு அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறியிருந்தேன்.

விசா மெஷினில் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. பத்து விரலையும் தலையில் நன்றாகத் தேய்த்து, கண்ணாடிமேல் அழுத்தினேன்.

"ஐயோ, என்ன பாட்டிம்மா பண்றீங்க!" மெஷின் முன்னால் இருந்த பெண் எழுந்தே விட்டாள்.

"இரும்மா. ரேஷன்ல இப்டித்தான் உழும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேத்தி தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள், அப்புறமும் விழவில்லை. உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது நிரந்தரமா இப்படித்தான்னு டாக்டர் லெட்டர் வேணும்மா. அது இல்லாம உங்க விசா கஷ்டம்" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் பேத்தி சொன்னாள். "ஏதோ தோல் வியாதின்னு ஒரு லெட்டர் வாங்கிடலாம் ஆயா. வேல முடிஞ்சிடும்."

"எனக்கு இன்னா வியாதி?"

"சும்மா, பேப்பருக்குத்தான்."

"பேப்பருக்குன்னாலும் வேணாம். நீங்க ரெண்டு பேரும் போங்க."

  தோல் வேலை செய்கிற கையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் பெரிய பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், நான் கொடுத்த காப்பியை வாங்குவதற்கு முன் என் விரலைப் பார்த்தார்கள். நல்ல கையை வியாதிக் கை என்று நானே எழுதி வாங்கி, அதைக் காட்டி ஊர் பார்க்கப் போக வேண்டுமா?

வீட்டில் மருமகள் விடவில்லை. "ஒரு வார்த்தைக்காகவா வரமாட்டேன்றீங்க? ஒங்களுக்கும் சேத்து ஸ்வெட்டர் வாங்கிட்டேன் அத்த."

"போட்டுக்கினு ஏலகிரி போறேன்."

"போங்க. அங்க பெஞ்சுல ஒக்காந்தா கொரங்கு காலுதான் தெரியும்."

 நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள், வா, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானே மருமகளைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கடியில் விரல் விரலாகப் பார்த்தாள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். மேஜையில் கிடந்த சீட்டை எடுத்து ஓரத்தை மடித்துக் காட்டினேன். கட்டைவிரல் ஒரே ஓட்டமாகப் போனது, கோணல் இல்லை.

"வியாதி ஒண்ணும் இல்லம்மா. வேலை செஞ்சு செஞ்சு தேஞ்சிருக்கு."

"அதையே எழுதுங்க."

"கேக்கறவங்களுக்கு ஒரு பேரு வேணுமே."

"ஷூ கம்பெனின்னு எழுதுங்க. அதான் பேரு."

சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தாள். மருமகள் இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை படித்துக் காட்டினாள். நீண்ட காலம் தோல் மடிக்கும் வேலை செய்ததால் ரேகை தேய்ந்திருக்கிறது, இனி திரும்பாது, கை ஆரோக்கியமாக இருக்கிறது. டாக்டர் கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவை வாங்கி அதற்குக் கீழே நானும் போட்டேன்.

"அம்மா, இது என் லெட்டர்" என்றாள்.

"கை என்னுதுதானே" என்றேன். வேறு தாளில் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று வாங்கிவந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தோடு மறுபடி போய்க் கொடுத்தோம். கவரில் மூன்று பாஸ்போர்ட்டும் வந்தன. மூன்றிலும் விசா இருந்தது. அடுத்த மாதம் கிளம்புகிறோம். பேத்தியின் தாளில் நாலாம் நாள் மத்தியானம் கோயிலும் இல்லை, சந்தும் இல்லை. ஆயா, பெஞ்சு என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

இவ்வளவுதான். பாப்பா, பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து படித்துக் காட்டு. மெதுவாகப் படி. டாக்டர் எழுதின இடம் வந்தால் இரண்டு தடவை படி.