புரோக்கர் வேண்டாமென்று டீலரிடம் போனேன்

எங்கள் பக்கத்தில் புரோக்கர் என்றால் ஏச்சு. ஒரகடத்துக்குத் தொழிற்சாலைகள் வந்த நாளிலிருந்து மண்ணூர் வரை மனை காட்டித் திரிந்தவர்கள் அந்தச் சொல்லை அப்படி ஆக்கிவிட்டார்கள். டீலர் என்றால் மரியாதை. எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் பூட்டும் கார்கள் டீலரிடம்தானே போகின்றன? லைனில் ஒரு கீறல் விழுந்தாலும் "டீலர் திருப்பி அனுப்பிடுவாரு" என்றுதான் சூப்பர்வைசர் மிரட்டுவார்.

அதனால் மகளின் கல்லூரிப் பணத்தைக் கடன் பத்திரத்தில் போட நினைத்தபோது, "ஷேர் புரோக்கர் ஒருத்தர் கீறாரு" என்று லைனில் உடன் நிற்பவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பத்திர டீலரைத் தேடிப் போனேன். அடுத்த ஜூனில் மகள் நர்சிங் சேர வேண்டும். அந்தப் பணத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "புரோக்கரே வேணாம்னுதான் சார் உங்ககிட்ட வந்தேன். இந்த விலைக்கு வாங்கலாமா, நீங்களே சொல்லுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"என்னைக் கேக்காதீங்க. இந்தப் பத்திரம் என்னுது. நான் காசு போட்டு வாங்கி வெச்சிகினு, மேல விலை வெச்சி விக்கிறேன். விக்கிறவன் கிட்டயே விலை சரியான்னு கேட்டா இன்னா சொல்லுவான்? புரோக்கர் உங்களுக்காக வெளிய தேடி வாங்குவாரு. அதுக்குக் கமிஷன் இவ்ளோன்னு சீட்டுலயே போட்டுடுவாரு."

"அப்ப நீங்க பண்றது தப்பா சார்?"

"தப்பு இன்னா கீது? இது வியாபாரம். ஆனா இந்தப் பத்திரம் முதிர ரெண்டு வருஷம் ஆவும். ஜூன்ல பணம் வேணும்னு வந்தீங்கன்னா, நான் சொல்ற விலைக்குத்தான் என்கிட்ட வித்தாவணும். புள்ள படிப்புப் பணம். யோசிங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்க வந்தவனை இப்படியா திருப்பி அனுப்புவது? பஸ் ஏறிய பிறகுதான் விஷயம் உறைத்தது.

மறுவாரம் அந்த ஷேர் புரோக்கரிடம் போனேன். அவர் நாலு இடத்தில் விசாரித்து, மே மாதமே முதிர்கிற பத்திரமாகப் பார்த்து வாங்கித் தந்தார். கமிஷன் சீட்டிலேயே இருந்தது. ஜூனில் மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அந்த வாரமே ஸ்வீட் பெட்டியோடு டீலரைப் பார்க்கப் போனேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கூச்சத்தில் பெட்டியை மட்டும் நீட்டினேன். மைசூர்பாகு ஒன்றை எடுத்துக்கொண்டு, "இப்பவாவது ஒரு பத்திரம் வாங்குங்களேன், நல்ல பத்திரம்" என்றார்.

"யாருக்காக சார் பேசறீங்க?"

"எனக்காகத்தான்."

இருவரும் சிரித்தோம். சிறியதாக ஒன்று வாங்கினேன். விலை கொஞ்சம் கூடத்தான் இருந்திருக்கும். நான் வெளியே விசாரிக்கவில்லை.