பிசைகிற கை

அந்த பேக்கரியில் பொட்டலம் கட்டுகிறவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ரொட்டியைத் தாளில் வைத்துச் சுற்றி நூலைக் கட்டுவதற்குள், எதிரே நிற்கிறவரின் வீட்டு விஷயம் முழுவதையும் கறந்துவிடுவாள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் ஐந்து மாதமாக வாய் திறக்கவில்லை. அதே பேக்கரியில் மாவு பிசைகிற அவளுடைய நாத்தனார்தான் அந்த ஆள். செத்துப்போன புருஷனின் அக்கா.

இரண்டு பேருக்கும் சண்டையா என்றால், அதுவும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். முன்பு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அவளுடைய புருஷன். ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். வீட்டில் உட்கார்ந்தால் சுவரெல்லாம் முறைத்தது என்று சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதல் நாளே காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள். அவருடைய மேஜை. அவருடைய ஏப்ரன். அவருடைய தோள் முன்னால் போய்ப் போய்ப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்தக் கணம் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சத்தம் கேட்டு அந்த உருவம் திரும்பியது. நாத்தனார்.

நாத்தனார் மேல் தப்பே இல்லை. முதலாளி ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். நாத்தனாரோ சின்ன வயதிலிருந்தே மாவில் கை வைத்தவள். தம்பிக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவன் நின்ற இடத்தில் எவனோ ஒருத்தன் நிற்பதைப் பார்க்க முடியாது என்று சொல்லி அவளாகவே வந்து ஏப்ரனை மாட்டிக்கொண்டாள். இதெல்லாம் வாயாடிக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? புருஷனை ஒரு நிமிஷம் கையில் கொடுத்து மறுபடி பிடுங்கிக்கொண்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை. மனசு நியாயம் பார்த்தா நடக்கிறது? அன்றிலிருந்து தட்டுகளை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினாள். நாத்தனார் முன்பக்கம் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு நூல்கண்டைச் சரிசெய்தாள். அந்த நூல்கண்டு அந்த ஐந்து மாதத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

புருஷனை நினைத்து அவள் எதற்கு ஏங்கினாள் என்று கேட்டால், பேச்சுக்கு என்று சொல்ல முடியாது. அவர் பேசியதே குறைவு. அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். அவள் ஏங்கியது அந்தக் கைக்கு. நாளெல்லாம் நின்று வேலை செய்கிற இடுப்பு, கர்ப்பம் தரித்த நாளிலிருந்தே கடுக்க ஆரம்பித்திருந்தது. கடை மூடியதும் அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்பாள். அவர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் வைத்து, உடம்பு முழுவதையும் அதில் சாய்த்து அழுத்துவார். எடுப்பதற்கு முன் இடது பக்கமாகக் கையைக் கொஞ்சம் திருப்புவார். மாவை உருட்டித் திருப்பிப் போட்டுப் பழகின கை, முதுகிலும் அதையே செய்தது. வலி அந்தத் திருப்பத்தில் கழன்று விழுந்துவிடும். அவர் போனபிறகு இடுப்புக்கு அவள் தைலம் தடவிப் பார்த்தாள், வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பிரசவத்தின்போது கூட இருக்கக் கல்லாவில் உட்காரும் பெண்ணைச் சொல்லிவைத்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் துணை மட்டும்தான் உள்ளே போகலாம். ஆனால் வலி கண்ட அன்றைக்குப் பார்த்துக் கல்லாப் பெண்ணின் மகனுக்கு உடம்பு சரியில்லை, அவள் வேலைக்கே வரவில்லை. காலையில் கடை திறந்து கூட்டம் சேர்ந்த நேரம். முந்தின நாள் மிஞ்சின பன்னை இரண்டு சேர்த்துத் தின்றதன் விளைவு என்றுதான் வாயாடி முதலில் நினைத்தாள். பேசிக்கொண்டே பொட்டலம் கட்டினாள். பேச்சு நடுவில் அறுந்து அறுந்து போனதைப் பார்த்து வாடிக்கையாளர்கள்தான் முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவளாவது, பேச்சை நிறுத்துவதாவது!

முதலாளி பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். முழங்கை வரை மாவோடு ஓடிவந்த நாத்தனார், ரொட்டி ஏற்றுகிற வேனில் அவளைப் பின்னால் உட்கார வைத்தாள். தான் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். 

பிரசவ அறையில் சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை ஓடு, இரும்புக் கட்டில், அதன்மேல் ரெக்சின் மெத்தை. திரைக்கு அந்தப் பக்கம் வேறு பெண்கள். கூட யார் இருக்கப்போகிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். வாயாடி ஓட்டுச் சுவரைப் பார்த்தாள். "நான் வெளிய பெஞ்சுல இருக்கேன், கூப்பிட்டா வர்றேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டாள்.

வலி தெரியாமல் இருக்க ஊசி உண்டு என்று வாயாடி கேள்விப்பட்டிருந்தாள். கேட்டும் பார்த்தாள். நர்ஸ் பூசி மெழுகாமல் சொன்னாள்: "அதப் போடற டாக்டர் இங்க ஒருத்தர்தான்மா. அவரு ஆபரேஷன்ல இருக்காரு. அவரு வருவாருன்னு நீ நம்பிட்டு இருக்காத, உன் பிள்ள காத்திருக்காது." நடக்கச் சொன்னாள். வலி ஏறும்போது தோளைத் தொங்கவிட்டு, வாய்வழியாக மெதுவாக, நீளமாக மூச்சை விடச் சொன்னாள். பல்லைக் கடிக்காதே, கத்த வேண்டும் என்றால் அடித்தொண்டையில் கத்து என்றாள். வெளியே எல்லோரும் பல்லைக் கடித்துக்கொள், பல்லைக் கடித்துக்கொள் என்றுதான் ஒன்பது மாதமாகப் புத்தி சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் ஆண்கள்.

வாயாடி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். பேசினாள். வலி வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேக்கரிக் கதையைப் போகிற வருகிற நர்ஸிடம் எல்லாம் சொன்னாள். கேக்கில் பெயர் தப்பாக எழுதி ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்த கதையை ஆரம்பித்து, மூன்று வலி தாண்டியும் கல்யாணத்துக்கு வந்து சேரவில்லை. நர்ஸ்கள் சிரித்தார்கள். மதியம் தாண்டியதும் கதை நின்றுபோயிற்று. வலி இப்போது வயிற்றை விட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டது. குழந்தை மல்லாந்த வாக்கில் இறங்குகிறது, அதன் தலை அவளுடைய முதுகெலும்பில் இடிக்கிறது என்று பரிசோதித்த நர்ஸ் சொன்னாள். இடைவெளியிலும் அது முழுசாக விடவில்லை. வாயாடிக்கு அப்போது ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம். முதுகுத்தண்டு முடிகிற அந்த ஒரு இடத்தில் அவருடைய கை வேண்டும். அது மட்டும் இருந்தால் பெற்றுவிடலாம், இல்லாவிட்டால் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "முடியல" என்றாள். அன்றைக்கு அவள் முதல்தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"யாராவது முதுக அழுத்திவிட்டா தாங்குவே. எனக்கு ரெண்டு கைதான், அந்தப் பக்கம் இன்னும் மூணு பேரு" என்ற நர்ஸ், இவளைக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து பெஞ்சில் இருந்தவளை உள்ளே கூப்பிட்டாள்.

வாயாடி திரும்பவில்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. எங்கே என்று நாத்தனார் கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. அடுத்த வலி ஏறியது. ஒரு உள்ளங்கை முதுகில் அங்கும் இங்கும் தடவித் தேடி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு உடம்பின் கனம் முழுவதோடும் இறங்கியது. எடுப்பதற்கு முன் இடது பக்கமாகத் திரும்பியது.

"மாமா" என்றாள் வாயாடி.

கை நின்றது.

"நிறுத்தாத மாமா. அங்கயேதான்."

நாத்தனார் நான்தான் என்று சொல்லவில்லை. மறுபடி சாய்ந்து அழுத்தினாள். வலியில் புத்தி பிசகித்தான் வாயாடி அப்படிக் கூப்பிட்டாள் என்று நினைத்தால் தப்பு. பின்னால் நிற்பது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டால் புளித்த மாவின் வாசனை வந்தது, அந்த அழுத்தம் வந்தது, அந்தத் திருப்பம் வந்தது. இவ்வளவு கிடைக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்து அதைக் கெடுத்துக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

அதற்குப் பிறகு வலி வருவதும் போவதும் வேறு மாதிரி இருந்தது. குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. ஆனால் அது ஏறும்போது அவரும் வந்தார். அவளும் அவரைப் பிடித்துக்கொண்டு அதன்கூடவே மேலே போனாள், அவரோடேயே கீழே இறங்கினாள். காய்ச்சல் என்று படுத்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று திட்டினாள். புதுத் தட்டு வாங்கியிருக்கிறார்கள், அடி பிடிக்கிறது என்றாள். ராத்திரி படுத்தால் பக்கத்து இடம் சில்லென்று இருக்கிறது, தாங்கவில்லை என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் இருந்தவள் சோர்ந்துபோய் மூச்சு வாங்கினாளே தவிர, ஒரு வலிக்கும் கையை எடுக்கவில்லை.

சாயந்தரம் குழந்தை பிறந்தது. பெண். கடைசி நேரத்தில் அதுவாகவே திரும்பிக்கொண்டது என்று நர்ஸ் சொன்னாள். ஈரத்தோடு தூக்கி வாயாடியின் நெஞ்சில் போட்டார்கள். அது வந்ததுமே ஆரம்பித்த அழுகையைக் கேட்டு, அம்மாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

வலி சட்டென்று நின்றுவிட்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, மாற்றி, அவளைப் படுக்கவைத்துவிட்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனதும்தான் வாயாடிக்கு அது உறைத்தது. வலி இருந்தவரை அவர் இருந்தார். வலி போனதும் அவரும் போய்விட்டார். நெஞ்சில் குழந்தை கதகதவென்று இருந்தது, முதுகு வெறிச்சென்று இருந்தது. அந்த வலி இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வராதா என்று அவள் ஏங்கினாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

நாத்தனார் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக வாயாடி அந்த முகத்தைப் பார்த்தாள். முன்னாலிருந்து பார்த்தால் அவருடைய சாயல் துளிகூட இல்லை. களைத்துப்போன, நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி. கண் இரண்டும் சிவந்திருந்தன. அவள் பார்ப்பதைக் கண்டதும் நாத்தனார் எழுந்துகொண்டாள். கல்லாப் பெண்ணால் இப்போது வர முடியுமா என்று கேட்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

"அண்ணி."

நாத்தனார் நின்றாள். "இன்னும் வலிக்குதா?"

"இல்ல." வாயாடி குழந்தையை அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் புரண்டு முதுகைக் காட்டினாள். "வலி ஒண்ணும் இல்ல. இருந்தாலும் கொஞ்சம் அழுத்துங்க."

ஸ்டூல் நகர்ந்தது. கை வந்து முதுகில் உட்கார்ந்தது. இந்தத் தடவை கனமே இல்லாமல், தூங்குகிறவரைத் தொடுகிற மாதிரி அழுத்தியது. வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வந்தார். சரியாக அப்போது பின்னால் இருந்தவளின் குரல் கேட்டது.

"எனக்கும் ஒண்ணு செய்வியா? கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் போனதுல இருந்து என்னை அக்கான்னு கூப்பிட ஆள் இல்ல. ஒரு தடவ கூப்பிடேன். என்னைப் பாக்க வேணாம், அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே கூப்பிடு."

வாயாடி சுவரைப் பார்த்தபடி, அவர் வீட்டு அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரியே கொஞ்சம் இழுத்து, "அக்கா" என்றாள்.