எஞ்சின் மாற்றும் நேரம்

காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் வண்டி கிளம்பியது. நீலமும் வெளிர் மஞ்சளும் பூசிய சின்னப் பெட்டிகள். எதிர் சீட்டில் திருப்பூர்க் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியே முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏனுங்க, எஞ்சின மறந்துட்டு எடுத்துட்டாங்களாட்ட இருக்குது?" மலை ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கல்லாறு தாண்டி, தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த பாதை தொடங்கி, பின்னால் புகை முட்டிய பிறகுதான் நிம்மதியாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஊட்டி பார்க்கப் போனார்கள். நான் மட்டும் குன்னூர் ஸ்டேஷனோடு இறங்குகிறவள். என் மடியில் ஓர் எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வாழைப்பழம், என் மகனின் கல்யாணப் பத்திரிகை. மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எனக்கு வேண்டியது அக்கா தயவு.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்யும் சீர். அது இல்லாமல் எங்களுக்கு முகூர்த்தம் இல்லை. எனக்கு ஒரே பிள்ளை. தங்கை என்ற முறைக்கு நிற்க அவனுக்கு இருப்பவள் என் அக்காவின் மகள் ஒருத்திதான். நானும் அக்காவும் பேசிப் பல வருஷம் ஆகிறது.

குன்னூருக்கு மேலே கேத்தியில் புது வீடு குடிபுகுந்தபோது அக்கா எனக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினாள். கூடப்பிறந்தவளுக்குத் தபாலில் வருவது மின்சார பில் மாதிரி. நேரில் வந்து கூப்பிடாத வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றேன். அது அவள் காதுக்குப் போனது. அப்படியானால் என் வீட்டு வாசற்படியை அவளும் மிதிக்க மாட்டாளாம். இரண்டு பேரும் சொன்ன சொல்லைச் சொத்து மாதிரிக் காப்பாற்றினோம். பத்திரிகையை வீட்டுக்குப் போய் வைத்தால்தான் அது அழைப்பு. போனால் என் சொல் போச்சு.

கடைசியில் அக்கா மகள்தான் போனில் ஒரு வழி சொன்னாள். "சித்தி, ரண்டு பேரும் குன்னூர் ஸ்டேஷனுக்கு வாங்க. அம்மா காலை வண்டில இறங்கி வருவாங்க, நீங்க வர்ற வண்டிலயே திரும்பி ஏறிருவாங்க. நடுவுல எஞ்சின் மாத்தற நேரம் இருக்குதில்ல, அதுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க."

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். திருப்பூர்க்காரர் கையிலிருந்த வடையை ஒரு குரங்கு உரிமையோடு வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் குகைகள், பாலங்கள், தேயிலைச் சரிவுகள். இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. பஸ்ஸில் வந்திருந்தால் பாதி நேரம்கூட ஆகாது. ஆனால் சண்டைக்காரியைப் பார்க்கப் போகிறவளுக்கு இந்த வேகம்தான் சரி.

பத்தரை சுமாருக்குக் குன்னூர். ஓட்டுக் கூரை, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய மரப்பலகை, அதைத் தாங்கும் ஒல்லித் தூண்கள். டிக்கெட் ஜன்னலின் மரச்சட்டம் ஆயிரம் முழங்கைகள் பட்டு வழவழப்பாகிவிட்டது. எங்கள் அப்பாவுக்கு அருவங்காட்டில் வேலை. நானும் அக்காவும் குன்னூரில் பள்ளிக்கூடம் விட்டு, சாயங்கால வண்டிக்கு இங்கேதான் காத்திருப்போம். மழையில் நனைந்த காலுறையைப் பிழிந்து பெண்கள் காத்திருப்பு அறையின் நீளக் கை நாற்காலியில் உலரப் போடுவோம். அந்த நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, கழுவுதொட்டி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. கண்ணாடியில் மட்டும் ரசம் போய்விட்டது. என் முகத்திலும்தான். அந்த இரண்டு பெண்கள் எங்கே போனார்கள்?

டீக்கடைப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நான் தட்டை நீட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பிளாட்பாரத்துல வெச்சுக் குடுக்கறதுக்கு இதென்ன பலகாரமா? ஊட்டுல வெச்சாத்தான் அழைப்பு."

"நான் உன்ர வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவ அக்கா. அது உனக்கும் தெரியும்."

"தெரியும். அதுக்காக நடுவழியில வாங்கிக்கச் சொல்றயா?"

அந்தப் பக்கம் நீராவி எஞ்சினைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். டீசல் எஞ்சின் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது மாட்டியதும் விசில் அடித்துவிடும். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அக்கா சட்டென்று திரும்பிக் காத்திருப்பு அறைக்குள் போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாவை அவள் ஓரமாக நிற்கச் சொல்வது கேட்டது. பிறகு வாசலுக்கு வந்தாள், படிக்கு உள்பக்கமே நின்றாள், முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"வா அம்மிணி. உள்ள வா."

வீட்டுக்கு வந்தவளைக் கூப்பிடும் அதே குரல். நான் படியைத் தாண்டினேன். நீள நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தன் பாட்டிலிலிருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி முதலில் அதைக் கொடுத்தாள். எங்கள் வீடுகளில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு. குடித்தேன்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கறாராம்மிணி?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தாள்.

"இருக்கறாருக்கா. அத்தானுக்கு முட்டி வலி எப்படி?"

"மலையில இருந்துட்டு முட்டி வலிக்குதுன்னா ஆரு கேக்கறா."

குங்குமம் எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து தட்டைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இணைச்சீர் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விசில் அடித்தது.

குன்னூரில் வண்டி முதலில் வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் பின்னால் போகும். அதற்குப் பிறகுதான் ஊட்டிப் பாதையில் ஏறும். தெரியாதவர்கள் பதறுவார்கள். திருப்பூர்க்காரர் ஜன்னலில் தலை நீட்டி, "ஏனுங்க, மறுபடி கீழயே போறானே" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. அடுத்த ஜன்னலில் அக்கா இருந்தாள். நான் கூடவே நடந்தேன்.

"அம்மிணி, இணைச்சீர்ச் சீலையப் பச்சையில எடுத்துப் போடாத. என்ர புள்ளைக்குப் பச்சை எடுக்காது."

"அப்ப என்ன நிறம்?"

"நீ எடுத்தா உருப்படாது. வர்ற வெள்ளிக்கிழமை உன்ர ஊட்டுக்கு வர்றேன், சேர்ந்து போய் எடுக்கலாம். மத்தியானச் சோறு அங்கதான்."

வண்டி போய்விட்டது. நான் குடியிருக்கும் கோவையின் ஜங்ஷன் இதைப்போல் பத்து மடங்கு பெரியது. அங்கே நாற்பது வருஷமாக ஏறி இறங்குகிறேன், ஒருவரும் என்னை உள்ளே வா என்றதில்லை. பஸ்ஸுக்குப் போகாமல் காத்திருப்பு அறைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். துடைப்பத்தோடு அந்த அம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க, டிக்கெட் இருக்குதுங்களா?"

என் டிக்கெட் குன்னூரோடு முடிந்துவிட்டது.

"எங்கக்கா ஊடுங்க இது," என்றேன்.

அந்த அம்மா என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனார்.