காக்கிச் சம்பந்தி

வள்ளம் கரை தட்டுமுன்பே இன்ஸ்பெக்டர் அமிர்தநாயகம் சப்பாத்துக் காலோடு முழங்கால் தண்ணீரில் நிற்பார். மீனை ஒதுக்கி அடிப்பலகையைத் தட்டுவார். இந்தியச் சேலைக்குத் தடை போட்டிருந்த அறுபதுகள் அவை. அக்கரைப் பட்டு ஒரு முழம் அகப்பட்டாலும் வள்ளக்காரனுக்கு முதலில் அடி, பிறகுதான் வழக்கு. "கோட்டில என்னத்தையும் சொல்லு, இஞ்ச உண்மையைச் சொல்லு" என்பார்.

பேசாலையில் பாதிப்பேர் அவரை மாற்றச் சொல்லிக் கொழும்புக்குப் பெட்டிசம் எழுதினார்கள். செத்த வீட்டில் சவப்பெட்டியைத் திறந்து பார்த்தவரை வேறென்ன செய்வது? மீதிப்பேர், அவர் வந்த பிறகுதான் ஊரில் சண்டித்தனம் அடங்கியது என்று பூசை வைத்தார்கள். மனைவி எடித் இரண்டு பக்கத்துக்கும் தேநீர் ஊற்றினாள்.

அந்தக் கெட்டிக்காரர் ஏமாந்த இடமும் உண்டு. ஒரு தடவையும் பிடிபடாத வள்ளம் யாகப்பருடையது. "நேர்மையான குடும்பமப்பா" என்று யாகப்பரின் மகனுக்கே தன் மகள் அன்ரோனெற்றைப் பேசி முடித்தார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கலியாணத்துக்கும் காக்கிதான். எடித் கெஞ்சிப் பார்த்தாள். "கலியாணமெண்டு கள்ளன் லீவு எடுக்கிறானே?" என்றார்.

கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சேலை வைத்த தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அமிர்தநாயகம் கூறையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, இது எங்கால?"

"அக்கரையால. என்ர வள்ளத்திலதான் வந்தது," என்றார் யாகப்பர். "பிடிக்கிறதெண்டாப் பிடியுங்கோ. கூறை போனா மாப்பிள்ளையும் எழும்பிப் போயிடுவான்."

அன்ரோனெற் முக்காட்டுக்குள் விம்மினாள். இந்த மனுசன் பிடித்தாலும் பிடிப்பார் என்று எடித்துக்குத் தெரியும். சுவாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். முன்வரிசையிலிருந்த பெட்டிசக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அமிர்தநாயகம் வாசலில் நின்ற சார்ஜன் கலந்தரைக் கூப்பிட்டார். இடைவாரைக் கழற்றினார். தோளிலிருந்த நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"இதுகளைப் பொலிஸ் கந்தோரில குடுங்கோ. பூசை முடிய ஜீப்பைக் கொண்டுவந்து சம்பந்தியை ஏத்துங்கோ. தெரிஞ்சும் விட்டவன் எண்டு என்னையும் ஏத்துங்கோ."

பிறகு கூறைத் தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஆசீர்வதிக்கும்படி சுவாமியாரிடம் நீட்டினார்.